பால் காய்ச்சியாச்சு, பத்திரம் ஆகலை

வீடு வாங்குறவுக மொதல்ல பத்திரம் முடிப்பாக, அப்புறம் பால் காய்ச்சுவாக. நாங்க மொதல்ல பால் காய்ச்சிட்டோம். கேள்விப்பட்டவுக எல்லாரும், "ஏத்தா சித்ரா, உனக்குக் கூறு இருக்கா?"ன்னுதான் கேட்டாக. கூறு இருந்துச்சு. நேரந்தான் இல்ல.

நடந்ததைச் சொல்றேன், அப்புறம் திட்டுங்க. நாங்க குடியிருந்தது எங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டு மாடியில. எங்க வீட்டுக்காரர் பேரு முத்தரசு, காரைக்குடியில மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காக. கீழ் வீட்ல என் ஓரகத்தி கல்யாணசுந்தரி அக்கா. நல்ல மனுசிதான். ஆனா நான் மேல மிக்சி போட்டா கீழ அவுகளுக்குத் தலைவலிக்கும். துணி காயப்போட்டா அவுக கோலத்துல தண்ணி சொட்டும். என் மக ஜனனி கயிறு தாண்டினா அவுக தலைக்கு மேல மோட்டுல விரிசல் விழுகுதாம். பிள்ளை எலும்பும் தோலுமா இருக்கும், அது குதிச்சு விரிசல் விழுகுதுன்னா அந்த மோட்டைக் கட்டின கொத்தனாரைத்தான் கேக்கணும்.

இப்படி இருக்கையில அக்கா மகன் அஜித்துக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பொண்ணு வீட்ல தனி ரூமு, தனி பாத்ரூமு கேட்டாகளாம். "தை பொறந்ததும் மாடியை ஒதுக்கிக் குடுத்துரு சித்ரா"ன்னு அக்கா சொன்னப்ப எனக்குக் கோவமே வரல. சந்தோசந்தான் வந்துச்சு. அடுப்பை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு யாரையும் கேக்காம வைக்கிற ஒரு வீடு வேணும்னு, கழுத்துல தாலி ஏறின அன்னைக்கே ஆசைப்பட்டவ நான்.

அப்பத்தான் இராமு செட்டியார் வீடு வெலைக்கு வந்துச்சு. செட்டியார் வீடுன்ன ஒடனே அரண்மனையை நெனைச்சிராதீக. அந்தத் தெருவுல அரண்மனையா நிக்கிற வீடுகளுக்கு நடுவுல, பந்தியில எடம் கெடைக்காத ஆளு மாதிரி ஒடுங்கி நிக்கிற வீடு. முன்னால ஹால், நடுவுல மழைத்தண்ணி விழுற முற்றம், சுத்தி ரூமுக, பின்னால அடுப்படி, கெணறு. எனக்கு அது போதும். செட்டியார் மெட்ராஸ்ல இருக்காக. வந்தாக, அட்வான்ஸ் வாங்கினாக, "ஒரு மாசத்துல முடிச்சிரலாம் தங்கச்சி"ன்னாக. ஒரு மாசம்! சொல்லும்போது எவ்வளவு சின்னதா இருக்கு பாருங்க.

லோனுக்குப் போனா, பேங்க் வக்கீல் பத்திரத்தைப் பொரட்டிட்டு, "செட்டியாருக்குக் கூடப் பொறந்தவுக யாரும் உண்டா?"ன்னாரு. ஒரு தங்கச்சி உண்டு, விசாலின்னு பேரு, கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்திருக்காக. "அப்ப அந்தம்மாவும் வந்து கையெழுத்துப் போடணும். அப்பா உயில் எழுதாமப் போயிட்டாக, பொம்பளப் பிள்ளைக்கும் பங்கு உண்டு"ன்னாரு. செட்டியாருக்கு ஆச்சரியம் தாங்கல. "விசாலிக்கா? அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கல்யாணத்துலயே செஞ்சாச்சே! வீட்டு விசயத்துல பொம்பளப் பிள்ளைகளைக் கேட்டு எங்களுக்குப் பழக்கமே இல்லையே"ன்னாக. "இப்பக் கேட்டுப் பழகுங்க"ன்னுட்டாரு வக்கீல்.

கேட்டாக. அன்னைக்குப் பிடிச்சது எங்களுக்குச் சனி.

செட்டியார் வீட்டுப் பொம்பளைகளை ஆச்சின்னுதான் சொல்லணும். விசாலி ஆச்சி மாட்டேன்னு சொல்லியிருந்தா, சரித்தான் போன்னு வேற வீடு பாத்திருப்போம். அவுக மாட்டேன்னே சொல்லல. "வாரேண்ணே"ன்னாக. ஆனி மாசம் மகனுக்குப் பரீட்சை, முடிஞ்சதும் வாரேன். பரீட்சை முடிஞ்சா ஆடி, ஆடியில எப்படிப் பத்திரம் போடுறது. ஆவணியில மூட்டு வலி. புரட்டாசியில அவுக வீட்டு நாய்க்கு ஒன்னுக்குப் போற எடத்துல கல்லு.

நாய்க்குக் கல்லுன்னு கேட்டதும் எங்க வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கிட்டிருந்த தட்டைத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சிட்டாக. நான் விடல. செட்டியாருக்குப் போனைப் போட்டு, "நாய்க்கு வாழைத்தண்டுச் சாறு குடுக்கச் சொல்லுங்கண்ணே"ன்னேன். அவுகளும் பாவம், அதை அப்படியே கோயம்புத்தூருக்குச் சொல்லியிருக்காக. ஐப்பசியில பதில் வந்துச்சு: கல்லு கரைஞ்சிருச்சு, ஆனா நாய் எளைச்சுப்போச்சு, அதை விட்டுட்டு வர மனசு வரல.

கார்த்திகை வந்ததும் சோசியரு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. எங்க ராசிக்குக் கார்த்திகையை விட்டா அடுத்து வைகாசியிலதான் பால் காய்ச்ச முடியும்னாரு. தையில மாடியைக் காலி பண்ணணுமே, என்ன செய்யிறது? செட்டியார்கிட்ட அழாத குறையாச் சொன்னேன். அவுகளுக்கும் மனசு கேக்கல. "சரி தங்கச்சி, பாலைக் காய்ச்சிக்கங்க. சாவியும் உங்கள்ட்டயே இருக்கட்டும். ஆனா குடி மட்டும் பத்திரம் முடிஞ்சு போங்க. பால் காய்ச்சின வீடு இருட்டாக் கெடக்கக் கூடாது, சாயங்காலம் வெளக்கு மட்டும் ஏத்துங்க"ன்னாக.

காய்ச்சுனோம். சும்மாவா காய்ச்சுனோம்? கல்லல் ஊர்லருந்தும் திருப்பத்தூர்லருந்தும் சொந்தபந்தம் வேன் பிடிச்சு வந்து எறங்கிருச்சு. ஒவ்வொரு வீட்டு ஆளும் சுவர்க்கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்தாக. அம்புட்டுக் கடிகாரம், ஒண்ணு காட்டுற நேரத்தை இன்னொண்ணு காட்டல. பாயசம் பரிமாறையில கல்யாணசுந்தரி அக்கா நடு ஹால்ல நின்னு, "பத்திரத்தைச் சாமி படத்துக்கிட்ட வச்சுக் கும்பிட்டியா சித்ரா?"ன்னு சத்தமாக் கேட்டாக. தெரிஞ்சுக்கிட்டே கேட்டாக. "பேங்க்ல இருக்குக்கா"ன்னு நான் வாய் கூசாமப் பொய் சொன்னேன். இனிமே இந்த வீடு கைவிட்டுப் போச்சுன்னா ஊரு மொகத்துல எப்படி முழிப்பேன்?

தை பொறந்துச்சு. அஜித் கல்யாணம் நடந்துச்சு. மாடி புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்குப் போச்சு. எங்களைக் கீழ நெல்லு மூட்டை அடுக்குற ரூமுக்கு மாத்திவிட்டாக. மூணு பேரும் மூட்டைகளுக்கு நடுவுல படுத்துக்கிட்டோம். எங்க வீட்டுக்காரருக்குத் தூசி ஆகாது, தும்மித் தும்மியே மூக்கு தக்காளியாப் போச்சு. ஜனனி மூட்டை மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதும். காலையில நான் வாசத் தெளிக்கப் போறப்ப அக்கா கேப்பாக, "என்ன, கோயம்புத்தூர் வந்துச்சா?"

எனக்கு ஆத்திரம்னா ஆத்திரம். இந்த ஆத்திரத்தை எங்கிட்டுக் கொண்டு போய்க் கொட்டுறதுன்னு தெரியாமத்தான் அந்த வேலையை ஆரம்பிச்சேன். வெளக்கேத்தத்தான் தெனமும் போறமே, போறப்ப ஒரு வெளக்கமாறு கொண்டு போனா என்ன? வெளக்கேத்துற வீட்டைக் கூட்ட வேணாமா? கூட்டினா வேர்க்கும், ஒரு சொம்பு வேணும். சொம்பு போனா டம்ளர் போகும். காப்பித்தூள் போச்சு, சீனி போச்சு. ஒருநா கேஸ் அடுப்பை அரிசிச் சாக்குக்குள்ள வச்சுக் கட்டி ஸ்கூட்டியில கொண்டு போனேன். எதுக்க வந்த அக்கா, "அரிசியா? எங்குட்டுக் கொண்டு போறே?"ன்னாக. "மாவு மில்லுக்கு"ன்னேன். மிக்சி, பழைய சேலைக்குள்ள பதுங்கிப் போச்சு. அன்னைக்கு அந்த வீட்ல யாரு தலைவலியும் இல்லாம மிக்சியை ஓட விட்டு ஒரு தேங்காச் சட்னி அரைச்சேன் பாருங்க. தொட்டுக்க இட்லி இல்ல. வெறுஞ் சட்னியை வழிச்சுத் தின்னேன், கண்ணுல தண்ணி வந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் ஒருநா வந்து பாத்து அரண்டு போனாக. "அடியேய், இது தப்புடி. குடி போகக் கூடாதுன்னு செட்டியார் சொல்லியிருக்காகள்ல?"ன்னாக. "குடி எங்க போனேன்? சாமான்தானே போச்சு"ன்னேன். தலையில அடிச்சுக்கிட்டுப் போனாக. மறுநா அவுகளே ஒரு மடக்குக் கட்டிலைக் கொண்டாந்து போட்டு, "இடுப்பு வலிக்குது, சித்த நேரம் படுத்துட்டுப் போறேன்"னு குறட்டை விட்டாக. தும்மல் ஒண்ணுகூட வரல.

இதுல இன்னொரு கூத்து. மாசி மாசம் வரைக்கும் எங்க ஊருப் பக்கம் டூரிஸ்ட் கூட்டம் வரும். பெரிய பெரிய வீடுகளைப் போட்டோ எடுக்குறவுக, கதவு தெறந்து வெளக்கு எரியிறதைப் பாத்துட்டு இங்கயும் எட்டிப் பாப்பாக. "வாங்க வாங்க"ன்னு கூப்பிடுவேன். கூலி வேணாம், கேக்க ஆள் இருந்தாப் போதும்னு வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லுவேன். சுவத்தைத் தடவிப் பாத்து, "முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசினதாமே?"ன்னு ஒரு பெங்களூர்ப் பிள்ளை கேட்டுச்சு. "ஆமாத்தா. மிச்ச மஞ்சக்கருவை என்ன செய்யிறதுன்னு தெரியாம, தெரு பூரா ஒரு மாசம் வெறும் மஞ்சக்கருதான் தின்னாக"ன்னேன். அது எழுதியே வச்சுக்கிச்சு. ஹால் மோட்டுல ஊஞ்சக் கொக்கி தொங்கும். அது யானைக்குட்டிக்குத் தொட்டில் கட்டுற கொக்கின்னு ஒரு வெள்ளைக்காரருக்குச் சொன்னேன். அவரு கொக்கியக் கும்பிட்டுட்டுப் போனாரு.

அப்படித்தான் ஒரு சாயங்காலம், கூலிங் கிளாஸ் போட்ட ஒரு அம்மா தனியா வந்து நின்னாக. சுடிதாரு, தோள்ல பை, வயசு அம்பது இருக்கும். "வீட்டைப் பாக்கலாமா?"ன்னாக.

"தாராளமா. செருப்பை அங்குட்டு விட்டுட்டு வாங்க"ன்னேன். யானைக்குட்டிக் கதையிலருந்து ஆரம்பிச்சேன். "பர்மாவுலருந்து கப்பல்ல வந்த குட்டிங்க. தாயில்லாப் பிள்ளை. ராத்திரி தாலாட்டுப் பாடினாத்தான் தூங்குமாம்."

"யார் பாடுனது?"ன்னாக, ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு.

"வீட்டாச்சிதான்"னேன்.

அடுப்படியப் பாக்கணும்னாக. அங்க இருட்டு. நான் முன்னால போறதுக்குள்ள அவுக போயிட்டாக. அந்த வாசக்கால் ரொம்பத் தணிவு. நான் எத்தனை தடவை தலையில இடிச்சுக்கிட்டேன்னு என் நெத்தியைக் கேட்டாத்தான் தெரியும். இவுக பாக்கக்கூட இல்ல, பேசிக்கிட்டே குனிஞ்சு போனாக. போனதும் கை நேராக் கதவுக்குப் பின்னால போச்சு, லைட்டைப் போட்டுச்சு. அந்தச் சுவிட்சு அங்க இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்கே ரொம்ப நாளாச்சு.

அடி கள்ளி! விசாலி ஆச்சி!

ஒரு நிமிசம் ரத்தம் கொதிச்சுச்சு. வாசக் கதவைச் சாத்தித் தாப்பாப் போட்டுட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு பத்திர ஆபீஸையே இங்க தூக்கிட்டு வரச் சொல்லலாமான்னு பாத்தேன். அப்புறம் ஒரு எண்ணம் வந்துச்சு. இவுக யாருன்னு எனக்குத் தெரியும்கிறது இவுகளுக்குத் தெரியாது. விசாலி ஆச்சிக்கிட்ட விசாலி ஆச்சியைத் திட்டினா சண்டை. யாரோ ஒரு டூரிஸ்ட்கிட்டத் திட்டினா வெறும் பொலம்பல்தானே? இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் யாருக்குக் கெடைக்கும்!

"உங்க வீடாங்க?"ன்னாக.

"எங்க வீடுதான். ஆனா இன்னும் எங்க வீடு இல்ல"ன்னு மூச்சை இழுத்து விட்டேன். "கோயம்புத்தூர்ல ஒருத்தி இருக்கா. அவ ஒரு கையெழுத்துப் போட்டா இது எங்க வீடு. அவளுக்குக் கையில பேனா பிடிக்கத்தான் மூட்டு வலியாம்."

"ஓ"ன்னாக. "ரொம்ப மோசமான பொம்பளையோ?"

"மோசமா? நானும் எம் புருசனும் வயசுக்கு வரப்போற பிள்ளையும் நெல்லு மூட்டைக்கு நடுவுல கெடக்கோம். எங்க வீட்டுக்காரர் தும்முற தும்மல்ல எலி ஊரைவிட்டே ஓடிருச்சு. அவ என்னடான்னா நாய்க்குக் கல்லுங்கிறா! நாய்க்குக் கல்லாம்ல! இவ மனசுதான் கல்லு."

"இல்லங்க, நாய்க்கு நெசமாவே இருந்திருக்கும். வாழைத்தண்டுச் சாறு குடுத்து நல்லாக் கேட்டு..." பாதியில வாயை மூடிட்டாக.

நான் திரும்பி அடுப்பைப் பத்த வச்சேன். முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறது நல்லதாப் போச்சு, சிரிப்பை அடக்கத் தோள் குலுங்குச்சு. அவுக யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும். ஆனா ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல.

"காப்பி சாப்பிடுறீகளா?"ன்னேன்.

"பத்திரம் ஆகாத வீட்ல கேஸ் அடுப்பு, மிக்சி எல்லாம் இருக்கே?"ன்னாக, சுத்திப் பாத்துட்டு.

"அந்தம்மா கையெழுத்துப் போடுற வரைக்கும் சட்னி அரைக்காம இருக்க முடியுமாங்க?"

சிரிச்சாக. கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சாக. கண்ணு அப்படியே இராமு செட்டியார் கண்ணு. டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, கெணத்துப் பக்கத்து வாசப்படியில உக்காந்தாக.

"ஒருவேளை இப்படி இருக்கும்னு வச்சுக்கங்க"ன்னு ஆரம்பிச்சாக. "அந்தப் பொம்பளை கல்யாணமாகிப் போன நாள்லருந்து, அவ அண்ணன் அவளுக்குப் போன் பண்ணினதே இல்லன்னு வச்சுக்கங்க. சண்டை எல்லாம் இல்ல. நெனப்பே வரல, அவ்வளவுதான். பொங்கலுக்கு எல்லாருக்கும் அனுப்புற பொங்கப்பானைப் படம் இவளுக்கும் வரும். இந்தக் கையெழுத்து வேணும்னதும் வாராவாரம் கூப்பிட ஆரம்பிச்சாரு. மொதல்ல 'எப்ப வர்றே, எப்ப வர்றே'ன்னு மட்டுந்தான். அப்புறம் மூட்டு வலி தேவலையான்னு கேட்டாரு. மகன் என்ன மார்க்குன்னு கேட்டாரு. நாய் பேரைக்கூட இப்ப மறக்காமச் சொல்றாரு. ஒருநா, முற்றத்துல மழைத்தண்ணி நின்னப்போ ரெண்டு பேரும் அண்டாக்குள்ள உக்காந்து படகு ஓட்டி, அம்மாக்கிட்ட அடி வாங்கினதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இவ போனை வச்சிட்டு அழுதா."

"கையெழுத்துப் போட்டுட்டா?"ன்னேன்.

"நின்னுரும்ல?"ன்னாக.

திட்டுறதுக்கு இன்னும் எவ்வளவோ சேத்து வச்சிருந்தேன், ஒண்ணும் வரல. ஏன்னா எனக்கும் ஒரு அண்ணன் உண்டு. தங்கச்சாமின்னு பேரு, திருப்பத்தூர்ப் பக்கம் அப்பா நெலத்தைப் பாத்துக்கிட்டு இருக்காக. முன்னெல்லாம் வாரம் தவறாம வருவாக. பலாப்பழம், மாம்பழம், நெலக்கடலைன்னு சாக்கோட வந்து எறங்குவாக. ஒருநா, "ஒரு கையெழுத்துத்தாண்டா ஆத்தா"ன்னு பத்திர ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாக. என் பங்கு வேணாம்னு போட்டுக் குடுத்தேன். ஒரு பட்டுச்சேலையும் புரோட்டாவும் வாங்கிக் குடுத்தாக. அதுக்கப்புறம் வரத்து கொறைஞ்சுபோச்சு. போன பொங்கலுக்குச் சீரையே பஸ் கண்டக்டர்கிட்டக் குடுத்துவிட்டுட்டாக. பஸ் ஸ்டாண்டுல நின்னு அந்தக் கரும்பை வாங்கினப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அதை அந்த ஆச்சிக்கிட்டச் சொன்னேன். சொல்லி முடிக்கையில ரெண்டு பேரு காப்பியும் ஆறிப்போயிருந்துச்சு.

ஆனா அழுது என்ன செய்ய, எனக்கு வீடு வேணுமே! மூக்கைத் தொடைச்சுக்கிட்டு, "ஆச்சி"ன்னேன்.

"யாரு ஆச்சி? நான் டூரிஸ்ட்"ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சு, பையிலருந்து ஒரு சாவியை எடுத்தாக. முற்றத்துக்கு மேற்க இருக்குற ரூமு எப்பவும் பூட்டித்தான் கெடக்கும், அதோட சாவியைச் செட்டியார் எங்கள்ட்டக் குடுக்கல. ஆச்சி அதைத் தெறந்தாக. ஆத்தி! தரையிலருந்து மோடு வரைக்கும் பாத்திரம். அண்டா, தவலை, தூக்குச்சட்டி, எனாமல் கூஜா, பீங்கான் சாடின்னு எறும்பு நுழைய எடமில்ல. ஒவ்வொண்ணுலயும் பேரு வெட்டியிருக்கு.

"எங்க அம்மா சீராக் கொண்டாந்தது, அதுக்கு முந்தி வந்தவுக கொண்டாந்தது, எனக்கு வைக்கணும்னு சேத்தது, எல்லாம் இங்கதான் கெடக்கு. எது அண்ணனுக்கு, எது எனக்குன்னு இன்னும் பிரிக்கல"ன்னாக.

எனக்கு மண்டையில பளிச்சுன்னுச்சு. "ஆச்சி, நீங்க கையெழுத்தைப் போடுங்க. இதைப் பிரிக்காதீக."

"பிரிக்காமயே விட முடியுமா?"

"மெதுவாப் பிரிங்கங்கிறேன். ஒரு தடவை வந்தா ஒரு அண்டா. அண்ணனும் தங்கச்சியும் சேந்து உக்காந்து, பேரைப் படிச்சு, யாரு கொண்டாந்ததுன்னு பேசி முடிச்சு, அதுக்கப்புறந்தான் அடுத்த அண்டா."

ஆச்சி என்னை ஏற எறங்கப் பாத்தாக. "உனக்கு ஒரு ரூமு போயிருமே"ன்னாக.

அந்த ரூமுலதான் ஏசி மாட்டணும்னு எங்க வீட்டுக்காரர் அளவெல்லாம் எடுத்துக்கிட்டிருந்தாக. ஜனனி, அது தனக்குத்தான்னு சண்டை போட்டுக்கிட்டிருந்துச்சு. "போனாப் போகுது ஆச்சி. நெல்லு மூட்டைக்கு நடுவுலயே படுத்தவுக நாங்க"ன்னேன்.

பங்குனியில ரெண்டு பேரும் வந்தாக. பங்குனியில பத்திரம் போடலாமான்னு எங்க வீட்டுக்காரர் இழுத்தாக. நான் பாத்த பார்வையில ஸ்கூட்டியில ஏறிட்டாக. பத்திர ஆபீஸ்ல ஆச்சி கையெழுத்துப் போடுறப்ப அந்தப் பேனா முனையையே பாத்துக்கிட்டு நின்னேன். மூட்டு வலியெல்லாம் ஒண்ணுமில்ல, முத்து முத்தான எழுத்து. போட்டு முடிச்சதும் அங்க கெடந்த பெஞ்சில உக்காந்துட்டேன்.

செட்டியாருக்கு மெட்ராஸ் ரயிலப் பிடிக்கணும். "அப்பாடா, முடிஞ்சுச்சு. பழைய சாமான் கடைக்காரரை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன் தங்கச்சி. பாத்திரத்தையெல்லாம் எடைக்குப் போட்டு ரூமைக் காலி பண்ணிக் குடுத்துருவாக"ன்னாக. விசாலி ஆச்சி மொகம் சுண்டிப்போச்சு.

நான் பெஞ்சிலருந்து எந்திரிச்சேன். "அண்ணே, வீடு இப்ப யாரு பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான். இதென்ன கேள்வி?"

"அப்பச் சரி. எங்க வீட்டுக்குள்ளருந்து ஒரு கரண்டி வெளிய போகணும்னாலும், நீங்களும் ஆச்சியும் ஒண்ணா வந்து நின்னாத்தான் கதவு தெறக்கும். ஒருத்தர் மட்டும் வந்தா தெறக்க மாட்டேன். நாளைக்கு ஒண்ணு கொறைஞ்சா பழி யாரு தலையில விழும்? கடைக்காரரெல்லாம் வாசப்படி மிதிக்கக் கூடாது."

எங்க வீட்டுக்காரர் பின்னாலருந்து என் கையைக் கிள்ளினாக. நான் திரும்பல.

"இதென்ன வம்பாப் போச்சு! எத்தனை தடவை வர்றது, எப்ப வர்றது?"ன்னாக செட்டியார்.

"என்னைக் கேட்டா? உங்க தங்கச்சியக் கேளுங்க"ன்னேன்.

விசாலி ஆச்சி மொகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல. "அடுத்த மாசம் நாய்க்குத் தடுப்பூசி இருக்குண்ணே. அதுக்கடுத்த மாசம் பாப்போம். நீங்க போன் பண்ணுங்க"ன்னாக.

அன்னைக்குச் சாயங்காலமே குடி வந்துட்டோம். கொண்டு வரத்தான் ஒண்ணுமே இல்ல, எல்லாம் முன்னாடியே வந்துருச்சே! கல்யாணசுந்தரி அக்கா வந்து சுத்திப் பாத்து, அடுப்புல கரி பிடிச்சிருக்கிறதைப் பாத்து, என்னைப் பாத்தாக. "அந்த ரூமு ஏன் பூட்டியிருக்கு?"ன்னு மட்டும் கேட்டாக. "வேலை நடக்குதுக்கா. முடிய நாளாகும்"னேன்.

இப்ப அண்ணனும் தங்கச்சியும் வாராக, போறாக. போன தடவை வந்தப்ப ஒரே ஒரு தவலையை எடுத்து வச்சிக்கிட்டு, அதுல வெட்டியிருக்குறது யாரு பேருன்னு காலையில ஆரம்பிச்ச சண்டை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் ஓடுச்சு. பொழுது சாயிறப்ப ரூமுக்குள்ளருந்து ரெண்டு பேரு சிரிப்பும் கேட்டுச்சு. செட்டியார் ரயில மறந்துட்டாக. தவலை ரூமைவிட்டு நகரவே இல்ல. ஜனனி ஹால்ல படுத்துக்கிட்டு, "எப்பம்மா ரூமு காலியாகும்?"ங்குது. "என்ன அவசரம் இப்ப?"ன்னு அதட்டிவிட்டேன்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டே நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். எனக்கு என்னவோ செஞ்சுச்சு. வீடு வந்துருச்சு, அடுப்பு நான் வச்ச எடத்துல இருக்கு, எவளும் கேக்குறதுக்கில்ல. போனை எடுத்துக்கிட்டுக் கெணத்தடிக்குப் போனேன்.

"தங்கச்சாமிண்ணே, நான் சித்ரா."

"என்னத்தா, நல்லா இருக்கியா? வயல்ல நிக்கிறேன், என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்கு நான் ஒரு கையெழுத்துப் போட்டேன்ல. அதுல ஏதோ ஒரு சின்னச் சந்தேகம் போல இருக்கு."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு, அதை அமத்திட்டாக போல, நின்னுபோச்சு.

"என்ன சந்தேகம்?"

"போன்ல சொல்ற விசயமில்லண்ணே."

"அப்ப நான் ஞாயித்துக்கிழமை வரட்டா? மதினியவும் கூட்டிட்டு வாரேன். பலா காச்சுக் கெடக்கு, ஜனனிக்குக் கொண்டாரேன்."

வாங்கண்ணேன்னு சொல்ல வாய் துடிச்சுச்சு. கெட்டியாப் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். "இந்த ஞாயித்துக்கிழமை தோதுப்படாதுண்ணே. பாத்துச் சொல்றேன்"னு போனை வச்சிட்டேன். சந்தேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

மறுநா காலையில மாவு ஆட்டிக்கிட்டிருக்கையில போன் அடிச்சுச்சு. எட்டிப் பாத்தேன், அண்ணன்தான். ஒடனே எடுக்கல. இன்னும் சித்த நேரம் அடிக்கட்டும்னு மாவுக் கையோட அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.